ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸின் ஆயில் கூலர் ஹோஸ் கசிகிறது: ரோல் ஹோஸை வெட்டி மாட்டிக்கொண்டு சென்னை போகலாமா?

பள்ளத்தூரிலிருந்து நீங்கள் எழுதியிருப்பதை நான் புரிந்துகொண்ட வரையில் முதலில் சொல்லிவிடுகிறேன். உங்கள் அப்பச்சியின் கார் 13 வருடம் ஆனது, பெட்ரோல், ஆட்டோமேட்டிக் கியர். வருடத்தில் பாதி நாள் ஊர் வீட்டின் பின்கட்டுக் கொட்டகையில் நின்றே கிடந்த வண்டி. கல்யாணத்துக்கு வந்த இடத்தில் அதை எடுத்து நான்கு நாள் ஓட்டியதில், ரேடியேட்டருக்குக் கீழே சிவப்பு எண்ணெய் சொட்டத் தொடங்கியிருக்கிறது. பார்த்த மெக்கானிக், கியர்பாக்ஸ் ஆயில் கூலருக்குப் போகும் ரப்பர் ஹோஸ் வெடித்திருக்கிறது, டீசல் ஹோஸ் ரோலில் ஓரடி வெட்டி இரண்டு கிளிப் போட்டால் முடிந்தது என்கிறார். மதுரையில் கம்பெனி சர்வீஸிலோ குழாயோடு சேர்த்து முழு செட்டையும் ஆர்டர் போட வேண்டும், பத்து நாள் ஆகும் என்கிறார்கள். இருவரில் யார் சொல்வது சரி என்பது உங்கள் கேள்வி. ஆனால் திங்கட்கிழமை குடும்பத்தை ஏற்றிக்கொண்டு 400 கிலோமீட்டருக்கு மேல் ஓட்டலாமா என்பதே நீங்கள் உண்மையில் தெரிந்துகொள்ள வேண்டியது என்று எனக்குத் தோன்றுகிறது. ஐ.டி.ஐ.யில் மோட்டார் மெக்கானிக் படித்துவிட்டு இருபத்தைந்து வருடமாகக் காரைக்குடிப் பகுதியில் இந்த வேலையைச் செய்துவருகிறவன் என்ற முறையில் பதில் சொல்கிறேன்.

சரியான ஹோஸ், சரியான எண்ணெய், சரியான அளவு ஆகிய மூன்றும் அமைந்தால், ஹோஸ் மாற்றிய வண்டியில் தாராளமாகச் சென்னை போகலாம். பத்து நாள் காத்திருக்க வேண்டியதில்லை. ஆனால் டீசல் ஹோஸ் அந்தச் சரியான ஹோஸ் அல்ல. வேலை முடியும்வரை வண்டியை, கடைத்தெருவரைக்கும்கூட, எடுக்க வேண்டாம். இம்மூன்றும் எனக்குச் சந்தேகமில்லாதவை. மற்றவை வண்டியைப் பொறுத்தவை. எந்த கம்பெனி, எந்த மாடல் என்று நீங்கள் எழுதவில்லை என்பதால் அவற்றை அந்த அளவிலேயே சொல்ல முடியும்.

முதலில் சொட்டுவது எது என்று உறுதிசெய்துகொள்ளுங்கள். முன்பக்கம் சிவப்பாகச் சொட்டுவதெல்லாம் கியர்பாக்ஸ் எண்ணெய் ஆகாது. பல வண்டிகளில் பவர் ஸ்டியரிங்குக்கும் இதே சிவப்பு எண்ணெயைத்தான் ஊற்றுகிறார்கள். ரேடியேட்டரில் ஊற்றும் கூலன்ட்டும் சில கம்பெனிகளில் சிவப்பாகவோ ரோஜா நிறத்திலோ இருக்கும். இரண்டு விரலுக்கு நடுவே வைத்துத் தேய்த்துப் பாருங்கள். கூலன்ட் தண்ணீரைப் போல ஓடி, லேசாகப் பிசுபிசுத்துக் காயும், இனிப்பு வாடை அடிக்கும். எண்ணெய் வழுக்கிக்கொண்டே இருக்கும். ஒரு டம்ளர் தண்ணீரில் ஒரு சொட்டு விட்டால் மேலே மிதக்கும். ஸ்டியரிங் எண்ணெயா கியர் எண்ணெயா என்று அறிய, ஸ்டியரிங் எண்ணெய் டப்பாவில் அளவு இறங்கியிருக்கிறதா என்று பார்த்தாலே பெரும்பாலும் தெரிந்துவிடும். இரவில் வண்டிக்கு அடியில் பழைய அட்டைப்பெட்டி ஒன்றைப் பிரித்து விரித்துவையுங்கள். காலையில் அட்டையில் விழுந்த கறைக்கு நேர் மேலே பார்க்காமல், அங்கிருந்து மேலும் முன்னுமாகத் துடைத்துக்கொண்டே போய், எங்கே முதல் ஈரம் தெரிகிறது என்று பாருங்கள். வண்டி ஓடும்போது காற்று எண்ணெயைப் பின்னுக்குத் தள்ளும் என்பதால், கசிவின் பிறப்பிடம் கறைக்கு முன்னால்தான் இருக்கும்.

இன்னொரு சோதனையை இதைவிட முக்கியமாகக் கருதுகிறேன். எஞ்சின் முழுதும் ஆறிய பிறகு ரேடியேட்டர் மூடியைத் திறந்து கூலன்ட்டைப் பாருங்கள். எண்ணெய் அளவு பார்க்கும் குச்சி, அதாவது டிப்ஸ்டிக், இருந்தால் கியர் எண்ணெயையும் எடுத்துப் பாருங்கள். பெரும்பாலான வண்டிகளில் கியர் எண்ணெயைக் குளிர்விக்கும் கூலர், ரேடியேட்டரின் பக்கத் தொட்டிக்கோ அடித் தொட்டிக்கோ உள்ளேயே இருக்கிறது. எண்ணெய் உள்ளே ஓட, சுற்றிலும் கூலன்ட் நிற்கும். அந்த உட்குழாய் ஓட்டையானால் இரண்டும் கலந்துவிடும். எண்ணெய் ரோஜாப்பால் போலக் கலங்கியிருந்தாலோ, கூலன்ட்டின் மேல் எண்ணெய்ப் படலம் மிதந்தாலோ, அது ஹோஸ் சம்பந்தப்பட்ட விஷயமே அல்ல. அப்போது எஞ்சினை ஸ்டார்ட் செய்யாமல், வண்டியை ஏற்றிக்கொண்டு போகும் லாரியை வரவழைத்துவிடுங்கள். கியர்பாக்ஸுக்குள் இருக்கும் கிளட்ச் தட்டுகளில் உராய்வுப் பொருளைப் பசை வைத்துத்தான் ஒட்டியிருக்கிறார்கள். கூலன்ட் அந்தப் பசையை இளக்கிவிடும்.

ஒரு சிறு ஐயத்தையும் தீர்த்துக்கொள்ளுங்கள். ஆட்டோமேட்டிக் என்று சொல்லப்படும் எல்லா வண்டியிலும் இந்த ஹோஸ் கிடையாது. ஏ.எம்.டி. என்பது சாதாரண கியர்பாக்ஸின் மேல் மோட்டார் வைத்துக் கிளட்ச்சையும் கியரையும் மாற்றுவது. அதற்குக் கூலர் இல்லை. வேறு சில வண்டிகளில் கூலர் கியர்பாக்ஸின் மேலேயே பொருத்தப்பட்டிருக்கும். அதற்கு வரும் ஹோஸில் ஓடுவது கூலன்ட். ஆகவே ஹோஸ் எங்கே தொடங்கி எங்கே முடிகிறது என்று விரலால் தொட்டுத் தொடர்ந்து பார்த்துவிட்டு மற்றதை வாசியுங்கள்.

இனி டீசல் ஹோஸை ஏன் வேண்டாம் என்கிறேன் என்பதற்கு வருகிறேன். கியர்பாக்ஸுக்கு முன்னால் இருக்கும் டார்க் கன்வெர்ட்டரில் எஞ்சினின் சுழற்சி எண்ணெய் வழியாகவே கடத்தப்படுகிறது. அங்கே எண்ணெய் கடைபடும்போது பிறக்கும் சூடுதான் அதிகம். சாதாரண ஓட்டத்தில் 80, 90 டிகிரி செல்சியஸில் நிற்கும் எண்ணெய், நெரிசலிலும், ஏற்றத்திலும், நம் பக்கத்துச் சித்திரை வெயிலில் ஏ.சி.யைப் போட்டுக்கொண்டு நின்று நின்று போகும்போதும், 100 டிகிரியைத் தாண்டும். எஞ்சின் சுற்றும் வரையில் உள்ளே இருக்கும் பம்ப் இந்தச் சூடான எண்ணெயைக் கூலருக்குத் தள்ளிக்கொண்டே இருக்கும். ஆகவே அந்த ஹோஸ் எண்ணெய், சூடு, அழுத்தம், எஞ்சின் அதிர்வு நான்கையும் ஒரே நேரத்தில் தாங்க வேண்டும். இதற்கென்றே தனி ஹோஸ் இருக்கிறது, எஸ்.ஏ.இ. ஜே1532 என்பது அதன் தர எண். டீசல் ஹோஸின் உட்சுவர் எண்ணெயைத் தாங்கும் என்பது உண்மைதான், உங்கள் மெக்கானிக் அந்த அளவில் தவறாகச் சொல்லவில்லை. ஆனால் சாதாரண எரிபொருள் ஹோஸ் இத்தனை சூட்டுக்கும் அழுத்தத்துக்கும் செய்யப்பட்டதல்ல. மாட்டிய அன்று ஒழுகாது, ஒரு மாதத்திலும் ஒழுகாமல் இருக்கலாம். மெல்ல மெல்ல உள்ளிருந்து இறுகிக்கொண்டே வந்து, ஒரு நாள் கிளிப் இருக்கும் இடத்தில் வெடிக்கும். ரேடியேட்டர் தண்ணீர் ஹோஸை மாட்டினால் நிலைமை இன்னும் மோசம்: அந்த ரப்பர் எண்ணெய் பட்டால் ஊறி உப்பி, கொழகொழத்துவிடும். கம்ப்ரசர் காற்று ஹோஸும் சூட்டில் இளகும். இரண்டையும் வண்டிக்கு அருகிலேயே கொண்டுவர விடாதீர்கள்.

நான் இதில் இவ்வளவு பிடிவாதமாக இருப்பதற்குக் காரணம் உண்டு. வேலைக்குச் சேர்ந்த முதல் சில வருடங்களில், தேவகோட்டைக்குக் கல்யாணத்துக்கு வந்த ஒரு குடும்பத்தின் வண்டிக்கு நானே ரோல் ஹோஸ் மாட்டி அனுப்பினேன். இரும்புக் குழாயின் நுனி துருப்பிடித்திருந்ததால் அரை அங்குலம் அறுத்து எடுத்துவிட்டு, சுத்தமான பகுதியில் ஹோஸை ஏற்றிக் கிளிப்பை முறுக்கினேன். இரண்டு மாதம் கழித்து, திருமயம் தாண்டிப் போய்க்கொண்டிருந்தபோது ஹோஸ் கழன்றுவிட்டது. ஓட்டியவர் பின்கண்ணாடியில் புகையைப் பார்த்தும், கூலன்ட் போலும், அடுத்த ஊரில் பார்த்துக்கொள்ளலாம் என்று ஓட்டியிருக்கிறார். ஹோஸ் கழன்றால் பம்ப் எண்ணெயைச் சாலையில்தான் கொட்டும். முழு எண்ணெயும் வெளியேறச் சில நிமிடம் போதும். கியர்பாக்ஸைத் திறந்தபோது தட்டுகள் கருகியிருந்தன. அந்த ஹோஸைக் கையில் வாங்கிப் பார்த்தேன். உட்சுவர் சுருள் சுருளாக உரிந்து தார் போல விரலில் ஒட்டியது. நான் அறுத்த குழாய் நுனி, அறுத்த அன்று இருந்ததைப் போலவே வழவழவென்று மின்னியது. அந்த வழவழப்புதான் குற்றம். கம்பெனிக் குழாயின் நுனியில் சுற்றிலும் ஒரு புடைப்பு இருக்கும். ஹோஸ் அதைத் தாண்டி உள்ளே போய், கிளிப் அந்தப் புடைப்புக்குப் பின்னால் இறுகும்போதுதான் அழுத்தத்தில் கழலாமல் நிற்கும். புடைப்பை அறுத்துவிட்டு எத்தனை கிளிப் போட்டாலும் அது நம்பத்தக்கதல்ல. உங்கள் குழாயின் புடைப்பு துருவில் கரைந்திருந்தால், சரியான கருவியால் புதுப் புடைப்பு எழுப்பித் தரச் சொல்லுங்கள். முடியாதென்றால் மதுரையில் சொன்ன முழு செட்டுக்குக் காத்திருப்பதைத் தவிர வழியில்லை. துருவையும் ஆராயும் மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிறுவனத்தையே வைத்திருக்கும் காரைக்குடியில் இருந்துகொண்டு, துருப்பிடித்த குழாயைக் கண்ணால் பார்க்காமலே மாட்டிவிடுவது எனக்கு இன்றும் வருத்தம் தருகிற பழக்கம்.

நல்ல ஹோஸ் எங்கே கிடைக்கும் என்பது அடுத்த கேள்வி. பழைய ஹோஸைக் கழற்றி, இரண்டு கிளிப்போடும் கையில் எடுத்துக்கொண்டு போங்கள். உள்விட்டம் பெரும்பாலும் 8 மி.மீ. அல்லது 10 மி.மீ. இருக்கும், கண்ணளவில் வாங்காமல் குழாயை அளந்து வாங்குங்கள். காரைக்குடியில் உதிரிபாகக் கடைகளில் ஏ.டி.எஃப். கூலர் ஹோஸ் என்றே கேளுங்கள்; ஏ.டி.எஃப். என்பது ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸ் எண்ணெய். இல்லையென்றால் திருச்சியிலோ மதுரையிலோ காலையில் சொன்னால் மாலைப் பஸ்ஸில் அனுப்பிவைப்பது வழக்கமாக நடக்கிறதுதான். ஹோஸின் மேல் வரிசையாக அச்சிட்டிருக்கும் எழுத்துகளை வாசியுங்கள். எதுவுமே அச்சிடாத ஹோஸை வாங்காதீர்கள். ஜே.சி.பி., டிராக்டர்களுக்கு ஹைட்ராலிக் ஹோஸ் அடித்துத் தரும் கடைகளில் துணிப்பின்னல் போட்ட குறை அழுத்த எண்ணெய் ஹோஸ் கிடைக்கும். அதில் பலவற்றின் சூட்டு வரம்பு 100 டிகிரிதான் என்பதால், வேறு வழியே இல்லாதபோது ஊர் போய்ச் சேர மட்டும் அதை ஒப்புக்கொள்வேன், போய்ச் சேர்ந்ததும் மாற்றிவிட வேண்டும். கம்பிப்பின்னல் போட்ட ஹோஸ் அதைவிட பலமானது என்று அந்தக் கடைகளில் சொல்லக்கூடும். அது கிளிப்புக்கு இறுகாது. நுனியில் இணைப்பை அழுத்திப் பொருத்த வேண்டிய ஹோஸ் அது. வாங்குவதோடு வாங்குவதாக, கூலருக்குப் போவது, திரும்புவது என இரண்டு ஹோஸுக்கும் சேர்த்து வாங்கிவிடுங்கள். ஒன்று வெடித்திருந்தால் மற்றதும் அதே வயதுதான். பழைய ஹோஸை விரலில் வளைத்துப் பாருங்கள். கோடையில் வற்றிய கண்மாயின் அடி பாளம் பாளமாக வெடித்திருக்குமே, அப்படித் தெரிந்தால் அது வயதினால் வந்தது. வெடிப்பில்லாமல் ஒரே இடத்தில் சிறு சிறு பள்ளமாக, இரட்டை இரட்டையாகத் தெரிந்தால் எலி கடித்தது. ஆள் இல்லாத வீட்டுக் கொட்டகையில் மாதக்கணக்கில் நிற்கும் வண்டிகளில் இதை நான் பல முறை பார்த்திருக்கிறேன். அப்படியானால் பக்கத்தில் ஓடும் வயர்களையும் பெட்ரோல் குழாயையும் சேர்த்துப் பார்க்கச் சொல்லுங்கள்.

மாட்டும் வேலையை நீங்களே செய்வதாக இருந்தாலும், பக்கத்தில் நின்று பார்ப்பதாக இருந்தாலும், சிலவற்றைக் கவனியுங்கள். எஞ்சின் ஆறியிருக்க வேண்டும்; எண்ணெய் தோலைச் சுட்டுவிடும். ஜாக்கியை மட்டும் நம்பி அடியில் படுக்கக் கூடாது, ஸ்டாண்டு வைக்க வேண்டும். நம் ஊர் செம்மண் தரையில் ஸ்டாண்டின் கால் இறங்கும் என்பதால் தடிமனான பலகை போட்டு அதன் மேல் வையுங்கள். இணைப்பைச் சுற்றியிருக்கும் மண்ணைக் கழற்றுவதற்கு முன்பே துடைத்துவிடுங்கள்; ஒரு பொடி மணல் உள்ளே போனாலும் அது கியர்பாக்ஸின் வால்வுகளில்தான் போய்ச் சிக்கும். பழைய ஹோஸ் ஒட்டிக்கொண்டு வராவிட்டால் பிடித்து இழுக்கவோ ஸ்குரு டிரைவரால் நெம்பவோ வேண்டாம். ரேடியேட்டர் தொட்டி பிளாஸ்டிக். அதில் நிற்கும் மூக்கு ஒரு தடவை ஆடிவிட்டால், ஹோஸோடு முடிய வேண்டிய செலவு ரேடியேட்டர் வரை போகும். முதலில் ஹோஸைச் சுற்றுவாக்கில் திருகி இளக்குங்கள். அதற்கும் வராவிட்டால் பிளேடால் ரப்பரை மட்டும் நீளவாக்கில் கீறிப் பிரிக்கலாம். பிளேடு உலோகத்தில் பட்டு நீளவாக்கில் ஒரு கோடு விழுந்தால் அந்தக் கோட்டின் வழியே எண்ணெய் என்றைக்கும் கசியும். துருவைத் தேய்ப்பதானாலும் எமரித் தாளைக் குழாயைச் சுற்றித்தான் ஓட்ட வேண்டும், நீளவாக்கில் அல்ல. புது ஹோஸின் உட்புறத்தில் அதே கியர் எண்ணெயைத் தடவி ஏற்றுங்கள். சோப்புத் தண்ணீரும் கிரீஸும் வேண்டாம். ஹோஸ் புடைப்பைத் தாண்டி ஓர் அங்குலமாவது உள்ளே போயிருக்க வேண்டும், கிளிப் புடைப்புக்குப் பின்னால் அமர வேண்டும். பழைய ஸ்பிரிங் கிளிப் இன்னும் விறைப்பாக இருந்தால் அதையே போடுங்கள், சூட்டில் விரிந்து குளிரில் சுருங்கும் ரப்பரோடு அதுவும் சேர்ந்து அசையும். திருகுக் கிளிப் போடுவதானால் ஸ்குரு டிரைவரால் கை பலத்துக்கு இறுக்கினால் போதும். அதற்கு மேல் போனால் பட்டை ரப்பரை அறுக்கும். ஹோஸ் வளையும் இடத்தில் மடிந்து நசுங்காமலும், புகைக்குழாயையோ பெல்ட்டையோ தொடாமலும் இருக்கிறதா என்று பார்த்துவிட்டு வெளியே வாருங்கள்.

எண்ணெய் விஷயத்தில்தான் நல்ல மெக்கானிக்கும் தவறுவதைப் பார்க்கிறேன். சிவப்பாக இருக்கிறது என்பதற்காக எல்லா ஏ.டி.எஃப்.பும் ஒன்றாகிவிடாது. டொயோட்டா கேட்பது ஒன்று, ஹோண்டா கேட்பது ஒன்று, பற்சக்கரக் கியர்களுக்குப் பதில் பெல்ட்டில் ஓடும் சி.வி.டி. கியர்பாக்ஸுக்கு வேண்டியது முற்றிலும் வேறு, அதில் சாதாரண ஏ.டி.எஃப். ஊற்றினால் உள்ளே இருக்கும் பெல்ட் வழுக்கிக் கெட்டுவிடும். உங்கள் வண்டியின் கையேட்டில் எந்தப் பெயர் அச்சாகியிருக்கிறதோ அதை வாங்குங்கள். எவ்வளவு ஊற்றுவது என்பதற்கு, ஹோஸைக் கழற்றும்போது வழிந்ததை ஒரு தட்டில் பிடித்து அளந்து, அதே அளவைப் புதிதாக முதலில் ஊற்றிவிடுங்கள். ஏற்கெனவே நான்கு நாளில் எவ்வளவு சொட்டியது என்பது யாருக்கும் தெரியாது ஆகையால், பிறகு அளவை முறைப்படி பார்த்தே ஆக வேண்டும். டிப்ஸ்டிக் உள்ள வண்டிகளில் பலவற்றில் சமதளத்தில் நிறுத்தி, எண்ணெய் சூடான பின், பிரேக்கை மிதித்தபடி கியர் நெம்புகோலை எல்லா நிலைக்கும் கொண்டுபோய் வந்து, எஞ்சின் ஓடும்போதே பார்க்க வேண்டும். ஹோண்டா வண்டிகளில் எஞ்சினை நிறுத்தி ஒன்றரை நிமிடத்துக்குள் பார்க்க வேண்டும். டிப்ஸ்டிக்கே இல்லாத வண்டியானால், எண்ணெய் குறிப்பிட்ட வெப்பநிலைக்கு வந்ததும், பல வண்டிகளில் அது 40 டிகிரியை ஒட்டி இருக்கும், எஞ்சின் ஓட அடியில் ஒரு போல்ட்டைக் கழற்றி எண்ணெய் மெல்லிய நூலாக வழிகிறதா என்று பார்க்க வேண்டும். அந்த வெப்பநிலையைப் படிக்க ஸ்கேனர் தேவை. அது இல்லாத இடத்தில் இந்த வேலையைச் செய்ய விடாதீர்கள். ஊகமாக ஊற்றி அனுப்புவதற்கு நான் ஒருபோதும் சம்மதிக்க மாட்டேன். குறைந்தால் கிளட்ச் தட்டுகள் வழுக்கிக் கருகும், கூடினால் நுரைத்து அழுத்தம் விழும்.

தூரத்திலிருந்து என்னால் சொல்ல முடியாதது ஒன்று இருக்கிறது: அந்த நான்கு நாள் ஓட்டத்தில் கியர்பாக்ஸுக்கு ஏற்கெனவே கெடுதல் வந்துவிட்டதா என்பது. டி-யில் போட்டதும் வண்டி தயங்கித் தாமதமாக இழுத்ததா, ஆக்சிலரேட்டரை மிதித்தபோது எஞ்சின் மட்டும் இரைந்து வேகம் ஏறாமல் நின்றதா என்று நினைத்துப் பாருங்கள். வழிந்த எண்ணெயை வெள்ளைத் துணியில் தொட்டு, காபிப் பொடி நிறத்தில் இருக்கிறதா, கருகிய வாடை அடிக்கிறதா என்றும் பாருங்கள். இவற்றில் ஒன்று இருந்தாலும் ஹோஸோடு முடியாது. சென்னைப் பயணத்தை ரயிலுக்கு மாற்றிக்கொண்டு வண்டியை இங்கேயே விட்டுப் போங்கள். கட்டி இழுத்துக்கொண்டு போகவும் வேண்டாம். எஞ்சின் ஓடாதபோது உள்ளே பம்ப் சுற்றாது, ஆனால் தரையில் உருளும் சக்கரங்கள் கியர்பாக்ஸைச் சுற்றிக்கொண்டே வரும். தூக்கி ஏற்றிப் போகும் லாரிதான் சரி. எதுவும் இல்லாமல் எண்ணெய் சிவப்பாகவும் தெளிவாகவும் இருந்தால், பெரும்பாலும் நேரத்தில் கவனித்துவிட்டீர்கள் என்றே எண்ணுகிறேன்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் வேலையை முடித்துவிட்டால் அன்று மாலைக்குள் சோதித்துவிடலாம். எஞ்சினைப் பத்து நிமிடம் ஓடவிட்டு, அடியில் வெள்ளைத் தாளைப் பிடித்துப் பாருங்கள். பிறகு காரைக்குடிவரை போய்த் திரும்பி, மறுபடி பாருங்கள். திருகுக் கிளிப் போட்டிருந்தால், சூடேறி ஆறிய பிறகு ஒரு கால் சுற்று வாங்கும். அதை ஆறிய நிலையில் இறுக்கிக்கொள்ளுங்கள். இரவும் அட்டையை விரித்துவையுங்கள். திங்கட்கிழமை காலையில் அட்டை காய்ந்து கிடந்தால் கிளம்பலாம். திருச்சியில் காபிக்கு நிறுத்தும்போது ஒரு முறை குனிந்து பார்த்துவிட்டுப் போங்கள். டிக்கியில் ஒரு லிட்டர் அதே எண்ணெய், இரண்டு உபரிக் கிளிப், மீதமுள்ள ஹோஸ் துண்டு ஆகியவற்றை வைத்துக்கொள்ளுங்கள். மதுரையில் சொன்ன செட்டையும் ஆர்டர் போட்டுவிடுங்கள். வந்ததும் சென்னையிலேயே மாட்டிக்கொள்ளலாம். வண்டியின் மாடலையும், கழற்றிய ஹோஸின் இரண்டு நுனியும் குழாயின் நுனியும் தெரிகிற படத்தையும் இங்கே போட்டீர்கள் என்றால், அந்தப் புடைப்பு இன்னும் மிச்சம் இருக்கிறதா என்று பார்த்துச் சொல்கிறேன்.